வீட்டிலிருந்து மேசை, மேசையிலிருந்து முடிவு: பனச்சமூட்டு வட்டாரத்து மூத்த மென்பொருள் பொறியாளரின் தொழில்வழி

1. பரப்பும் அளவுகோலும்

பனச்சமூடு ஒரு சந்தையூர். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் முடிந்து தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிற இடம். வெள்ளறடை, காரக்கோணம், பளுகல், அருமனை என்று சுற்றியுள்ள ஊர்களில் எது எந்த மாநிலம் என்பதை உள்ளூர்க்காரர் பொருட்படுத்துவதில்லை. வெளியூர்க்காரர் கடைப்பலகையின் எழுத்தையும் வண்டியின் எண்ணையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாறசாலைப் பதிவென்றால் கே.எல். 19, நெய்யாற்றின்கரை கே.எல். 20, மார்த்தாண்டம் டி.என். 75. இந்த எண்களைத் தாங்கிய வண்டிகள் கழக்கூட்டத்து டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவின் நிறுத்தத்தில் அருகருகே நிற்கும். ரப்பரும் மரவள்ளியும் விளையும் இந்தச் சரிவுகளிலிருந்து மென்பொருள் வேலைக்குப் போவது இன்று செய்தியே இல்லை. போனவர் எட்டுப் பத்து ஆண்டுகளில் ‘சீனியர்’ ஆனபின், மீதமுள்ள இருபது இருபத்தைந்து ஆண்டுகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதே இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

தொழில்வழியை அளக்க வழக்கமாக இரண்டு கோல்கள்தான் கையில் இருக்கும்: பதவிப் பெயரும் ஆண்டுச் சம்பளமும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். ஒருவர் மேலிடத்தைக் கேட்காமல் எதுவரை தானே தீர்மானிக்கலாம் என்கிற வரம்பு அது. அதை முடிவெல்லை என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவரின் முடிவெல்லை நாற்பது வரி நிரலுக்குள் அடங்கும். மூன்றாண்டு ஆனவர் ஒரு மாட்யூலுக்குப் பொறுப்பாவார். சீனியர் ஒரு முழு அமைப்பு எப்படி அமைய வேண்டும் என்று சொல்வார். அதற்கும் மேலே இருப்பவர், அந்த அமைப்பைக் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்கும் உரிமை உள்ளவர்.

பனச்சமூட்டு வட்டாரத்தைப் பொறுத்தவரை கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் வீட்டிலிருந்து வேலை மேசைக்குள்ள தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மேசையிலிருந்து முடிவு எடுக்கப்படும் இடத்துக்குள்ள தூரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. பெயரிலும் சம்பளத்திலும் ஏறுகிற சீனியர்கள் பலரின் கை ஓரிடத்தில் முட்டி நிற்பதற்கு, திறமைக் குறைவைவிட இதுவே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. ஒரே தெரு, இரண்டு வாசல்

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட ஒன்பது தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அந்தக் கோரிக்கைக்கான போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்துக்கு வந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. உறவும் கோயிலும் தேவாலயமும் சந்தையும் எல்லைக் கோட்டின் இருபுறமும் விழுந்தன.

அந்தக் கோடு இன்று அதிகம் உறைப்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவருக்குத்தான். தமிழ்நாடு 2007-08 கல்வியாண்டிலிருந்து பொறியியல் நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணே கட்-ஆஃப். கேரளத்தில் கீம் நுழைவுத்தேர்வு தொடர்கிறது. தரவரிசைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்தது. இவையெல்லாம் தெருவின் ஒரு பக்கத்துக்கு மட்டும். வீடு ஒரு மாநிலத்திலும் பள்ளி இன்னொன்றிலுமாக அமைந்துவிட்டால் இருப்பிடச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் தாலுகா அலுவலகத்தில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

ஆனால் கணினியோடு முதல் பழக்கம் ஏற்படும் விதத்தில் கேரளப் பக்கம் முந்திக்கொண்டது. ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை அதே ஆண்டு ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பின்னாளில் கேரளப் பள்ளி ஆய்வகங்கள் லினக்ஸுக்கு மாறின. பத்தாம் வகுப்பில் கணினி ஒரு தேர்வுப் பாடமே ஆயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி வந்தது. வெள்ளறடைப் பிள்ளை பதினான்கு வயதில் ஆய்வகத்தில் டெர்மினலைத் திறந்தது. அருமனைப் பிள்ளை பதினேழு வயதில் சொந்த மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தது. எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வீட்டில் இரவெல்லாம் கிடக்கும் கருவி பாடத்திட்டத்தில் இல்லாததையும் கற்றுக்கொடுக்கும் என்பது மட்டும் உறுதி.

கல்லூரி விஷயத்தில் எல்லை கொஞ்சம் இளகிவிடுகிறது. 1939இல் தொடங்கிய திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காத கேரளத்துப் பிள்ளைகள் பலர் குமாரகோவில், தோவாளை, சுங்கான்கடை என்று தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரிகளுக்கு வந்தார்கள். 1990களில் அந்தக் கல்லூரிகள் பெருகாமல் இருந்திருந்தால் இந்த வட்டாரத்தில் இத்தனை பொறியாளர்கள் இல்லை.

3. கழக்கூட்டம் கிட்ட வந்த விதம்

1979இல் கன்னியாகுமரி–திருவனந்தபுரம் ரயில்பாதை திறந்தபோது யாரும் மென்பொருளை நினைக்கவில்லை. பாறசாலையில் ஏறினால் தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் வழியாகத் திருவனந்தபுரம். செயலகத்து எழுத்தர்களும் துணிக்கடை ஊழியர்களும் சீசன் டிக்கெட் வாங்கிப் போய்வந்த பாதை அது. 1990இல் கேரளத்து நாயனார் அரசின் காலத்தில், கெல்ட்ரானை உருவாக்கிய கே.பி.பி. நம்பியாரின் முயற்சியில் டெக்னோபார்க் தோன்றியது. ஜி. விஜயராகவன் அதன் முதல் தலைமைச் செயல் அலுவலர். 1995 நவம்பர் 18 அன்று பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் கழக்கூட்டத்திலிருந்து எல்லையோரக் காரோடுவரை சுமார் 43 கிலோமீட்டர் புறவழிச்சாலை வந்தது. பனச்சமூட்டிலிருந்து டெக்னோபார்க் அப்போதும் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு தலைமுறைக்கு முன் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போயாக வேண்டியிருந்த வேலைக்கு இப்போது காலையில் போய் இரவு வீடு திரும்பலாம்.

4. சீனியர் செய்வது என்ன

சீனியருக்கும் ஜூனியருக்கும் உள்ள வேறுபாடு அனுபவ ஆண்டு என்றுதான் வேலை விளம்பரங்கள் சொல்லும். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டிக்கெட்டை ரத்து செய்த பயணிக்குப் பணம் திருப்பித் தரும் நிரலை ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்குக் கோரிக்கை போகும். முப்பது வினாடியில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். மூன்று தடவை பார்க்கும். சோதனைகள் எல்லாம் பச்சை. கோட் ரிவ்யூவுக்கு வருகிறது.

சீனியர் கேட்கும் முதல் கேள்வி: ‘கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டால்?’ வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டது. நம் பக்கம் அது தெரியாமல் மறுபடி அனுப்புகிறது. பயணிக்கு இரண்டு தடவை, சமயத்தில் மூன்று தடவை பணம் போய்ச் சேரும். இதற்குத் தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அனுப்புமுன்பே அதைத் தரவுத்தளத்தில் எழுதிவைக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் எதிர்ப்பக்கம் புதிதாகப் பணம் தராமல் பழைய பதிலையே சொல்ல வேண்டும். இளைஞர் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடுவார். அடுத்த தடவை யாரும் சொல்லாமலே செய்வார். கற்பது என்பது இப்படித்தான் நடக்கிறது.

இரண்டாவது அடுக்குக் கேள்விகள் இன்னும் கடினம். அந்த எண்ணை எத்தனை நாள் வைத்திருப்பது? ஒரே நொடியில் இரண்டு சர்வர்கள் அதே கோரிக்கையை எடுத்துவிட்டால் யார் விட்டுக்கொடுப்பது? மறுநாள் காலை வங்கிக் கணக்கையும் நம் கணக்கையும் யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்? பொருந்தாத வரி வந்தால் அலாரம் யாருடைய போனில் அடிக்கும்? இவற்றுக்குப் புத்தகத்தில் ஒரே விடை கிடையாது. ப்ரொடக்‌ஷனில் இரண்டு மூன்று தடவை கை சுட்டவருக்குத்தான் இந்தக் கேள்விகளே தோன்றும்.

மூன்றாவது அடுக்குக்கு வந்தால் நிரலே பின்னால் போய்விடுகிறது. வங்கியின் அமைப்பு அடையாள எண்ணை ஏற்காது என்றால் ஒப்பந்தத்தை மாற்றக் கேட்பதா, வேறு வங்கிக்குப் போவதா? சிறு தொகைகளை உடனே கொடுத்துவிட்டுப் பெரிய தொகைகளை மட்டும் ஒருவர் பார்த்துக் கொடுக்கலாமா? இரட்டைப் பணம் போகும் ஆபத்தும், பயணி ஒரு வாரம் காத்திருக்கும் எரிச்சலும், எது நிறுவனத்துக்குக் குறைந்த நட்டம்? முதல் அடுக்கைக் கண்டவர் நல்ல நிரலாளர். இரண்டாவதைக் கண்டவர் சீனியர். மூன்றாவதில் பேச இடம் கிடைத்தவர் சீனியரையும் தாண்டிவிட்டார்.

டெக்னோபார்க்கில் உட்கார்ந்திருக்கும் பலருக்கு மூன்றாவது அடுக்குக் கேள்வி தோன்றாமல் இல்லை. டல்லாஸிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ உள்ள வாடிக்கையாளர் அலுவலகத்தில் அது ஏற்கெனவே தீர்ந்துபோய், ‘ரிக்வயர்மென்ட்’ என்ற பெயரில் கழக்கூட்டத்துக்கு வந்து சேர்கிறது. கேட்டால், ‘அது நம்ம ஸ்கோப்பில் இல்லை’ என்று பதில் வரும். சீனியர் ஆன நான்கைந்து ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். பதவி ஏறியும் கை குறுகிப்போவது இந்த இடத்தில்தான்.

5. பிரமிடின் கணக்கு

இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை, கணக்கு அப்படி. 1968இல் தொடங்கிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், 1981இல் தொடங்கிய இன்ஃபோசிஸ் முதலாகச் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் ஆள்-மாதத்தைத்தான் விற்றன. வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகைக்கும் ஊழியருக்குத் தரும் சம்பளத்துக்கும் நடுவே இருப்பதுதான் லாபம். ஆகவே கீழே புதியவர்கள் நிறைய, நடுவில் சிலர், மேலே மிகச் சிலர் என்று குழு பிரமிடாக அமைந்தாக வேண்டும். புதியவர் சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தையே சுற்றிக்கொண்டிருப்பது அந்த அடித்தளத்தைத் தாங்குவதற்காகத்தான்.

இந்தப் பிரமிடில் பதினைந்தாண்டு அனுபவத்தோடு தானே நிரல் எழுதுகிறவர் ஒரு சிக்கல். அவர் எழுதும் நிரல் நான்கு ஜூனியர்களின் நிரலைவிட நன்றாக இருக்கலாம். பில்லில் அவர் ஒரே தலை. அவரை வைத்து லாபம் பார்க்க ஒரே வழி, அவருக்குக் கீழே பத்துப் பேரைக் கட்டுவது. அதனால் லீட், மேனேஜர், டெலிவரி மேனேஜர் என்று ஏணி ஆள்களை நோக்கித் திரும்புகிறது. அப்ரைசல் படிவத்தில் ‘டீம் சைஸ்’ என்றொரு கட்டம் இருக்கும். ‘தடுத்த விபத்துகள்’ என்று ஒரு கட்டம் இருக்காது. புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்ச்சில் இருந்தால் ஜூனியர் பயிற்சி எடுக்கலாம். சம்பளம் கூடிய சீனியருக்கு அதே பெஞ்ச் ஒவ்வொரு வாரமும் உறுத்தும். விலகலாம் என்றால் மூன்று மாத நோட்டீஸ் பீரியட். பெங்களூரில் அந்த மூன்று மாதத்தில் நான்கு இன்டர்வியூ போகலாம். திருவனந்தபுரத்தில் அதே அளவு கதவுகள் கிடையாது.

பிரமிடுக்கு வெளியே நிற்கும் உதாரணங்கள் இதே நகரத்தில் உண்டு. 1997இல் வி.கே. மாத்யூஸ் டெக்னோபார்க்கில் தொடங்கிய ஐ.பி.எஸ். சாஃப்ட்வேர், விமான நிறுவனங்களுக்கான மென்பொருளைச் சொந்தத் தயாரிப்பாகச் செய்தது. தயாரிப்பு தன்னுடையது என்றால் மூன்றாவது அடுக்குக் கேள்வி கழக்கூட்டத்திலேயே பேசப்படும். தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் சோஹோ வைத்திருக்கும் அலுவலகமும் இதைத்தான் காட்டுகிறது. சோஹோ டெஸ்க் என்ற தயாரிப்பு அங்கே வளர்ந்தது. அங்கே வேலை பார்க்கும் பொறியாளர் வயல் வரப்பில் நடந்து போவதைப் பத்திரிகைகள் ஆசையாகப் படமெடுத்தன. ஒரு தயாரிப்பின் பொறுப்பு ஊர்ப்புறத்துக்கு வந்ததுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

6. இரட்டை ஏணியும் கல்யாணச் சந்தையும்

நல்ல நிரலாளரை மேலாளராக்கி இருவரையும் இழப்பது பழைய நோய். 1960களின் தொடக்கத்திலேயே ஐ.பி.எம். ‘ஃபெல்லோ’ என்ற பதவியை உண்டாக்கி, ஆள்களை மேய்க்காமலே ஒரு பொறியாளர் உச்சிக்குப் போகலாம் என்று காட்டியது. பெல் ஆய்வகம் படிப்பெயர்களையே ஒதுக்கிவிட்டு ஆராய்ச்சியாளர் எல்லாரையும் ஒரே பெயரில், தொழில்நுட்பக் குழு உறுப்பினர் என்றே அழைத்தது. ஐ.பி.எம்.மின் ஓ.எஸ். 360 மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வெளிவந்த ‘தி மித்திக்கல் மேன்-மன்த்’ நூலில் இதைக் கூர்மையாகச் சொன்னார். நுட்ப ஏணியிலிருந்து நிர்வாக ஏணிக்குப் போவதைப் பதவி உயர்வு என்று அறிவிக்கக் கூடாது, வெறும் இடமாற்றம் என்றே அறிவிக்க வேண்டும், அதற்குச் சம்பள உயர்வும் தரக் கூடாது. எதிர்த்திசையில் திரும்பி வருபவருக்குத்தான் உயர்வு தர வேண்டும் என்பது அவர் கருத்து. சமூகம் ஒரு பக்கமே சாய்ந்திருப்பதால் நிறுவனம் மறுபக்கம் சற்று மிகையாகவே சாய வேண்டும் என்று காரணமும் சொன்னார்.

அந்தச் சமூகச் சாய்வைக் காண அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். வெள்ளறடையில் ஒரு பெண் பார்க்கும் வீட்டில் உட்கார்ந்தால் போதும். ‘மாப்பிள்ளை ஸ்டாஃப் என்ஜினியர்’ என்று நுட்ப ஏணியின் மேற்படி ஒன்றைச் சொன்னால் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் தெரியும், இது என்ன? ‘மேனேஜர்’ என்றால் விளக்கம் வேண்டாம். ‘மக்ளே, பத்து வருஷம் ஆச்சே, இன்னும் மேனேஜர் ஆவலியா?’ என்று கேட்கும் அத்தைக்கு, பிரின்சிபல் என்ஜினியரின் சம்பளம் பல மேனேஜர்களைவிட அதிகம் என்று புரியவைப்பது கடினம். பெண் பொறியாளருக்கு இந்த நெருக்கடி வேறு வடிவில் வருகிறது. அவருடைய படி என்ன என்று யாரும் கேட்பதில்லை. ‘நைட் கால் உண்டா?’ என்றுதான் கேட்கிறார்கள். இரவில் பிழை வந்தால் எழுந்திருக்கும் ஆன்-கால் பொறுப்பை மறுப்பவருக்கு மேல்படி எட்டாது. அதை ஏற்பவருக்கு வீட்டில் நிம்மதி இல்லை.

சேவை நிறுவனங்களும் பின்னாளில் ஆர்க்கிடெக்ட் என்ற கிளையைத் திறந்தன. காகிதத்தில் அது இரட்டை ஏணிதான். நடைமுறையில் பல ஆர்க்கிடெக்ட்கள் புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கான விளக்கப்படங்கள் தயாரித்தே காலம் கழிக்கிறார்கள். நிரலும் கையில் இல்லை, முடிவும் கையில் இல்லை. இதைவிட நேர்மையான மேலாளர் வேலை நூறு மடங்கு மேல். மனிதர்களைத் தேர்வது, வளர்ப்பது, வாடிக்கையாளரிடம் ‘முடியாது’ என்று சொல்வது எல்லாமே தனிக் கலை. அது தெரிந்து விரும்பிப் போகிறவர் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வேறு படியே இல்லாததால் போகிறவர்தான் இந்த ஆய்வின் கவலை.

பெரிய தயாரிப்பு நிறுவனங்கள் பலவற்றில் சீனியர் என்பதே கடைசிப் படியாக இருக்கலாம் என்று வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் ஏறாவிட்டாலும் யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். ஐம்பது வயதில் நல்ல நிரலெழுதி மாலையில் வீட்டுக்குப் போகும் வாழ்க்கையைத் தோல்வி என்று கருதாத ஏற்பாடு அது.

7. முப்பத்தைந்து வயதில் பிரியும் பாதை

முப்பத்தைந்தை ஒட்டி மூன்று வழிகள் எதிரே நிற்கும். மேலாளராவது ஒன்று, அதைப் பார்த்துவிட்டோம்.

வெளியே போவது இரண்டாவது. ஆன்சைட் என்ற பழைய கனவுக்கு இப்போது விலை கூடிவிட்டது. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000, அங்கே மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபின் நடுநிலைச் சேவைப் பொறியாளரை அந்த விலை கொடுத்து அனுப்புவதற்கு எந்த நிறுவனமும் இரண்டு முறை யோசிக்கும். பெங்களூரும் சென்னையும் ஹைதராபாத்தும் திறந்தே இருக்கின்றன. அங்கே கதவுகள் அதிகம், சம்பளம் கூடுதல், மூன்றாவது அடுக்கில் பேச்சு நடக்கும் அறைகளும் உண்டு. எல்லையூர்க்காரருக்கு அங்கே சின்னச் சாதகம்கூட இருக்கிறது: தமிழும் மலையாளமும் இரண்டுமே சொந்த மொழிபோல வரும்.

மூன்றாவது, ஊரில் நிற்பது அல்லது ஊருக்குத் திரும்புவது. பெற்றோர் வயது, காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு மாதம் ஒரு நடை, ரப்பர்ப் புரையிடத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று காரணங்கள் எப்போதும் தயார். திரும்புகிறவருக்கு இன்று உள்ள நல்ல வாய்ப்பு, வெளிநாட்டு நிறுவனங்கள் தாங்களே நடத்தும் மையங்கள், தொழிலில் ஜி.சி.சி. என்பார்கள். இந்தியாவில் 1,700க்கும் மேற்பட்ட மையங்கள் இருப்பதாக 2024இல் நாஸ்காம் சொன்னது. திருவனந்தபுரத்தில் அலியான்ஸ், எச் அண்ட் ஆர் பிளாக், 2018இல் வந்த நிசான் டிஜிட்டல் மையம் போன்றவை உள்ளன. அங்கே வேலையை ஆள்-மாதமாக வெளியே விற்பதில்லை. அதனால் தானே நிரலெழுதும் நாற்பது வயதுக்காரர் கணக்கில் உறுத்துவதில்லை. சேவை நிறுவனத்தில் முப்பது பேருக்கு மேனேஜராக இருந்தவர் இத்தகைய மையத்தில் வெறும் சீனியர் என்ஜினியராகச் சேர்வது நடக்கிறது. அட்டையில் பெயர் இறங்கும். சம்பளம் பெரும்பாலும் ஏறும். பணம் திருப்பித் தரும் நிரலின் மூன்றாவது கேள்வியைக் கேட்க ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். இந்த இறக்கத்துக்குத் துணிந்தவர்களைத்தான் இந்த வட்டாரத்தின் உண்மையான மூத்தவர்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆனால் மையமும் முழு விடை அல்ல. எந்தத் தயாரிப்பை நிறுத்துவது, எதில் பணம் போடுவது என்பது அங்கும் பெரும்பாலும் தலைமையகத்தில்தான் தீர்மானமாகும். முடிவெல்லை அகலும், முழுதும் திறக்காது.

8. பாதை அடைத்தபோது

பெருந்தொற்றுக் காலத்தில் இரு மாநிலங்களுக்கு இடையிலான சிறு பாதைகள் தடுப்புப் போட்டு அடைக்கப்பட்டன. சந்தைக்குப் போகவே இ-பாஸ் கேட்ட நாள்கள் அவை. தெருவின் அந்தப் பக்கத்து அக்காள் வீட்டுக்குப் போக முடியாதவர், லண்டன் வாடிக்கையாளரோடு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தார். 2020 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கான விதிகளைத் தளர்த்தியது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல நிறுவனங்களுக்கும் அதற்கு விதி வகுக்கப்பட்டது. வீட்டிலிருந்து மேசைக்குள்ள தூரம் ஒரு கட்டத்தில் சுழியே ஆகிவிட்டது.

அப்போது தெரிந்தது, முடிவெல்லை அதனால் அகலவில்லை என்று. வீடியோ அழைப்பில் பதினாறு முகங்களில் ஒன்றாகத் தெரியும் பனச்சமூட்டுச் சீனியருக்கு, கூட்டம் முடிந்தபின் தேநீர் மேசையில் நடக்கும் பேச்சு கேட்காது. உண்மையான தீர்மானங்கள் பாதி அங்கேதான் உருவாகின்றன. எழுத்தில் வாதிடும் வழக்கம் உள்ள குழுக்களில், அதாவது வடிவமைப்பை ஓர் ஆவணமாக எழுதி எல்லாரும் ஓரத்தில் மறுப்பெழுதும் இடங்களில், தூரத்தில் இருப்பவர் பின்தங்கவில்லை. நம் பொறியியல் கல்லூரிகள் நிரல் கற்றுத்தருகின்றன. நான்கு பக்கத்தில் ஒரு தீர்மானத்தை நியாயப்படுத்தி எழுத யாரும் கற்றுத்தருவதில்லை. சீனியருக்கு மேலே போக நினைக்கும் எல்லையூர்க்காரருக்கு இன்னொரு கிளவுட் சான்றிதழைவிட இது உதவும்.

9. அடித்தளம் குறுகும்போது

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு, மேல் நிலைகளில் உள்ளவர்கள் என்றும் சொன்னது. ஐந்தாம் பிரிவில் சொன்ன கணக்கு வெளியே தெரிந்த நாள் அது: ஆள்களை மேற்பார்வையிடுவதை மட்டுமே இருபதாண்டு செய்தவருக்கு, குழு சுருங்கும்போது வேறு கைத்தொழில் இல்லை.

இன்னொரு முனையிலும் சுருக்கம் நடக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அலுவலக மேசைகளில் சாதாரணமாகிவிட்டன. பதில் வராவிட்டால் மூன்று தடவை அனுப்பும் அந்த நிரலை அத்தகைய கருவி ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிடும். சரியாகக் கேட்டால் அடையாள எண்ணையும் சேர்த்தே எழுதும். வங்கி ஒப்பந்தத்தை மாற்றலாமா என்று அது தானாகப் போய் யாரிடமும் சண்டை போடாது. ஆகவே இன்றைய சீனியரின் மதிப்பு உடனே சரியாது. இரண்டாம், மூன்றாம் அடுக்குகளில் நிற்பவருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும்.

முதல் அடுக்குதான் பறிபோகிறது. அந்த அடுக்கில் பிழை செய்து, ரிவ்யூவில் திருத்தப்பட்டு, மறுபடி எழுதித்தான் ஒவ்வொரு சீனியரும் உருவானார். பனச்சமூட்டிலிருந்து கிளம்பிய எவருக்கும் துறையில் மாமனோ சித்தப்பாவோ இருந்து சொல்லித்தரவில்லை. புதியவராக மூன்று லட்சச் சம்பளத்தில் வாங்கிய அந்தத் திருத்தங்கள்தான் பள்ளிக்கூடம். வாடிக்கையாளருக்குப் போகும் பில்லில் அந்தப் படிப்புக்குத் தனி வரி இருந்ததில்லை. ஜூனியரின் ஆள்-மாதத்துக்குள் அது மறைந்து, யாருக்கும் தெரியாமல் பணம் கட்டப்பட்டுவந்தது. ஜூனியரையே பில்லிலிருந்து எடுத்துவிட்டால் அந்தப் பணத்தை இனி நிறுவனம் தன் லாபத்திலிருந்து தர வேண்டும், அல்லது குமாரகோவிலிலும் தோவாளையிலும் உள்ள கல்லூரிகள் நான்காம் ஆண்டில் தர வேண்டும். இப்போது வெள்ளறடையில் பிளஸ் டூ படிக்கும் பெண் 2040 வாக்கில் சீனியராக வேண்டிய வயதில் இருப்பார். அவருடைய முதல் கோட் ரிவ்யூவுக்கான செலவை இருதரப்பில் ஒருவரும் இன்னும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.